தில்லை மரமும் தில்லைப் பதியும்

மார்கழித் திருவாதிரையில் 'தில்லை' என்று நாவாரச் சொல்லுகிறோம். அப்பெயரைத் தந்த மரத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

தில்லை, உவர்ச் சதுப்பில் வளர்வது. ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்மரமும் பெண்மரமும் வெவ்வேறு. சிறுபூக்கள் கதிராய்ப் பூத்து மணக்கும். இலைகள் உதிருமுன் செந்நிறம் கொள்ளும். ஒடித்தால் வெண்பால் வடியும். அது பட்டால் தோல் கொப்புளிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வை மறையும். அம்மரத்தையே முன்னோர் ஆறாப் புண்ணுக்கு மருந்தாகவும் கொண்டனர். நஞ்சும் மருந்தும் ஓரிடத்தே நிற்பது நீலகண்டன் பதிக்கு ஒத்ததன்றோ!

7-ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடிப் பரவிய பதி இது. புலிக்கால் முனிவர் வழிபட்டதாகப் புராணம் கூறும் தில்லைவனமோ இன்று நகரில் இல்லை. கிழக்கே, பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் அம்மரம் நிற்கிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காடு தன் பின்னிருந்த ஊர்களுக்கு அரணாயிற்று.

பதிக்குப் பெயர் தந்த மரம், காட்டோடு நின்று உயிரும் காத்தது. ஆதலின் அக்காட்டைப் பேணுவதும் கூத்தப்பிரானுக்குச் செய்யும் திருத்தொண்டே எனக் கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.