நிலக்கரி நிலங்களில் ஆவணப்படமும் பொது உரையாடலும்: அப்பலாச்சியா, தென் வேல்ஸ் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆவணப்படத் திரையிடலுக்குப் பின் நிகழும் கலந்துரையாடல் பெரும்பாலும் படத்தின் பின்னிணைப்பாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வாழும் நிலக்கரிச் சமூகங்களின் வரலாறு இக்கருத்தை மறுக்கிறது. சித்திரிக்கப்பட்ட மக்களுக்கு மறுமொழி கூறும் உரிமை உண்டா என்ற வினாவோடு பிணைந்தே அங்குப் பொது உரையாடல் வளர்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

படக்கருவியும் ஐயமும்

1964இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான திட்டங்களை அறிவித்தபின், கிழக்குக் கென்டக்கியின் சிதைந்த வீடுகள் நாடெங்கும் காட்சிப்பொருளாயின. 1967 செப்டம்பரில் லெட்சர் மாவட்டத்து ஜெரமையாவில், வாடகை வீட்டில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் ஒருவரைப் படம்பிடித்த கனடிய இயக்குநர் ஹியூ ஓ'கானரை, வீட்டின் உரிமையாளர் ஹோபர்ட் ஐசன் சுட்டுக் கொன்றார். இதனை அயலாரின் படக்கருவிமீது எழுந்த சினம் என்று மட்டும் விளக்குதல் போதாது. படம்பிடிக்க இசைந்தவர் குடியிருந்தவர், சுட்டவர் உரிமையாளர். எனவே, அச்சமூகம் ஒரே குரலுடையதன்று என்பதும் இந்நிகழ்வால் புலனாகிறது.

உள்ளிருந்து எழுந்த படங்கள்

1969இல் அதே மாவட்டத்தின் வைட்ஸ்பர்க் நகரில் அரசின் வறுமை ஒழிப்பு நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட திரைப்படப் பயிற்சிக்கூடம், பின்னர் அப்பல்ஷாப் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1972இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவால் எழுப்பப்பட்ட அணை உடைந்து 125 பேர் உயிரிழந்தனர். சுரங்க நிறுவனம் அதனை இறைவன் செயல் என்றது. 1975இல் மிமி பிக்கரிங் இயக்கிய அப்பல்ஷாப் படம் அது மனிதர் செயலே என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் அப்பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பாரெட், ஓ'கானர் கொலையையே பொருளாகக் கொண்டு, படமெடுப்போரின் பொறுப்பு யாது என்று வினவினார்.

கதை வட்டம்

அப்பல்ஷாப்பின் நாடகப் பிரிவான ரோட்சைடு தியேட்டர் கையாண்ட கதை வட்டம் இங்குக் கருதத்தக்கது. வட்டமாக அமர்ந்தோர் குறித்த நேர அளவில் முறைப்படி ஒவ்வொருவராகத் தம் அனுபவத்தைக் கூறுவர், இடைமறித்தல் இல்லை, விவாதம் அனைவரும் பேசி முடித்த பின்னரே. கருத்தைக் கேட்டால் அணிகள் பிரியும் இடத்தில், அனுபவத்தைக் கேட்பதால் செவிமடுத்தல் இயலுகிறது. ஆயினும், வட்டத்துள் கிடைக்கும் சமவாய்ப்பு வெளியே நிலவும் வேலை, நிலவுடைமை சார்ந்த ஏற்றத்தாழ்வை நீக்கிவிடுவதில்லை.

வேல்ஸ் தொடர்பு

1970களில் சமூகவியலறிஞர் ஹெலன் லூயிஸ், ஜான் கவென்டா, ரிச்சர்டு கிரேட்ரெக்ஸ் ஆகியோர் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் வாழ்வை ஒளிநாடாவில் பதிவு செய்தனர். தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து அளித்த தொகையால் எழுப்பிய மன்றங்களும் நூலகங்களும் வேல்ஸில் இருந்தன. பொது விவாதம் அங்குப் பழகிய வழக்கம். 1984–85 வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப்பின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. எனினும், 1995இல் டவர் சுரங்கத்தைத் தொழிலாளரே வாங்கி 2008 வரை நடத்தினர். இவ்விரு நிலப்பகுதிகளின் பட்டறிவை இணைத்து டாம் ஹான்செல் 2016இல் 'ஆஃப்டர் கோல்' என்னும் படத்தை வெளியிட்டார். நிலக்கரிக்குப் பின் என்ன என்னும் அதன் வினாவுக்குத் திரை விடை தராது. பார்வையாளரே விடை தேட வேண்டியுள்ளது.

முடிவுரை

படம் ஒரு சமூகத்தைக் காட்டுகிறது. உரையாடல் அச்சமூகத்தினுள் இருக்கும் பிளவுகளையும் வெளிக்கொணர்கிறது. வாடகைக்குக் குடியிருந்தவரும் வீட்டு உரிமையாளரும் ஒரே அவையில் பேச இயலுமா என்பதே இத்தகைய உரையாடலின் உரைகல். ஆகவே திரையிடல் குறித்த ஆய்வுகள் படப் பனுவலோடு நில்லாமல், அவையில் பேசியோர், பேசாதிருந்தோர் ஆகிய இரு சாராரையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.