ஹல் பட்டையும் கித்துள் கள்ளும்

இலங்கையில் சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வீட்டளவில் புளிக்கவைத்துக் குடித்த இலேசான மதுபானம் கித்துள் கள். தமிழ்நாட்டில் கித்துள் மரத்துக்குக் கூந்தற்பனை என்று பெயர். தொங்கும் பாளையைப் பார்த்தால் அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரியே இருக்கும். மழை கொட்டும் ஈரவலயத்தில் காட்டோரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் தானாக வளர்வது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகே பூக்கத் தொடங்கும். முதற் பாளை உச்சியில் வரும், அடுத்தது அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். தென்னையில் ஒரு பாளை கெட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். கித்துளில் அந்த வசதி கிடையாது.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கித்துளைப் பற்றி எழுதியிருக்கிறார். நாளைக்கு இரண்டு முறை, நல்ல மரமானால் மூன்று முறை இறக்குவார்கள் என்றும், சாதாரண மரம் மூன்று நான்கு கலன் தரும் என்றும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பார்கள் என்றும் கணக்குச் சொல்கிறார். குடிக்க இனிமையானது, ஆனால் தண்ணீரைவிட வலு இல்லை என்பது அவர் தீர்ப்பு. அவர் சொல்வது புளிக்காத இனிப்புச் சாற்றை, சிங்களத்தில் தெலிஜ்ஜ. அதே சாறு அரை நாள் போனால் கள்.

அந்த அரை நாளைக் கையாள்வதில்தான் தொழிலின் நுட்பமெல்லாம் இருக்கிறது. பாளை விரியும் முன்பே அதன் காம்பில் ஒரு வெட்டுப் போட்டு, மிளகு, இஞ்சி, உள்ளி, சுண்ணாம்பு, உப்பு, சாம்பல் போன்றவற்றை அரைத்து வைத்துக் கட்டுவார்கள். எதை எவ்வளவு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறு, வெளியே சொல்லமாட்டார்கள். சில நாள் கழித்து நுனியை வெட்டினால் சாறு ஊறும். பிறகு காலையும் மாலையும் மரமேறி, காம்பின் முகத்தில் மெல்லிய சீவல் ஒன்று. தடிப்பாகச் சீவினால் பாளையின் ஆயுள் குறையும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும்.

கள் வேண்டுமென்றால் பானையைச் சுத்தமாகக் கழுவுவதில்லை. பழைய கள்ளின் அடிவண்டல் அடுத்த சாற்றுக்கு உறையாகும். அதிலிருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றும். நூற்றுக்கு ஐந்து பங்கை ஒட்டி நிற்கும் அந்தச் சத்து, பியரின் அளவுதான். மறுநாளும் அப்படியே விட்டால் புளிப்பு ஏறி வினாகிரியாகும். கருப்பட்டிக்கும் பாணிக்கும் என்றால் வேலை தலைகீழ்: பானையைக் கழுவிப் புகை காட்டி, உள்ளே ஹல் மரத்துப் பட்டைத் துண்டு ஒன்றைப் போட்டுக் கட்டுவார்கள். பட்டையின் துவர்ப்பு புளிப்பை மட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் பதநீருக்குப் பானையில் சுண்ணாம்பு தடவுவதன் நோக்கமும் இதுதான். இலங்கைக்கே உரிய ஹல், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரத்துக்கு நெருங்கிய உறவு.

ஐரோப்பாவில் பியரைக் காத்தது ஹொப் பூ. 1516இல் பவேரியாவில் போட்ட சட்டம் பார்லி, ஹொப், தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதையும் பியரில் சேர்க்க விடவில்லை. ஹொப்பின் கசப்பு பியரைப் புளிக்கச் செய்யும் பக்டீரியாக்களை அடக்கும், ஈஸ்டை விட்டுவிடும். அதனால் சாராயச் சத்து குறைந்த பியர்கூடச் சில காலம் தாங்கும். ஹல் பட்டைக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, புளிப்பையே மொத்தமாகத் தள்ளிப்போடும். ஆகவே ஹொப் போட்ட பியர் பீப்பாயில் கடல் கடந்தது; கித்துள் கள் மரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தைத் தாண்டவில்லை.

கோப்பித் தோட்டத் துரைமார் குடித்தது அப்படிக் கப்பலில் வந்த, ஏல் என்னும் கசப்புப் பியரைத்தான். பிறகு நுவரெலியாவில் பியர் வடிக்கத் தொடங்கினார்கள். இன்றைய லயன் நிறுவனம் தன் மூலத்தை சாமுவேல் பேக்கர் அங்கே 1849இல் தொடங்கிய வடிசாலையில் காட்டுகிறது. குளிர் அதற்குத் தோதாக இருந்தது. ஏல் ஈஸ்ட் இருபது பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் நன்றாக வேலை செய்யும். இரத்தினபுரியின் சராசரி வெப்பம் இருபத்தேழை ஒட்டியது. தாழ்நிலத்தில் கித்துள் கள்ளுக்கு அந்தக் கவலையே இல்லை.

தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கள்ளுக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் கித்துள் மரம் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களின் கையில் இருந்தது. தோட்டத்துக்கு உரியவை தேயிலையும் ரப்பரும்தான். விடியலில் ரப்பர் பால் வெட்டும் கைக்குப் பக்கத்துக் கிராமத்தான் மரத்தில் செய்யும் சீவலும் அந்நியமாகத் தெரிந்திருக்காது. இரண்டிலும் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெடும்.

அரசாங்கத்துக்குக் கள் போன்ற இலேசான மதுவில் வருமானம் சொற்பம். குத்தகைக்காரரிடம் ஏலம் விட்ட சாராயமே கருவூலத்தை நிரப்பியது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள் விற்பனையைச் சாராயத்திலிருந்து பிரித்துத் தனித் தவறணைகளுக்கு வழி திறந்தது. மதுவிலக்கு இயக்கம் அதை எதிர்த்துக் கிளம்பியது. அதே 1912இல் களனிவெளி ரயில் பாதை இரத்தினபுரியைத் தொட்டது. தவறணைக்குச் சரக்கு வர வழி நல்லதானது. உரிமமில்லாத மது உற்பத்தி இன்றும் குற்றம். வீட்டில் பியர் வடிப்பதும் அதற்குள் அடங்கும்.

உரிமத்துக்கும் விலைக்கும் எட்டாமல் மிஞ்சிய இடத்தைக் கள்ளச் சாராயமான கசிப்பு பிடித்தது. சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் சேர்த்துப் பீப்பாயில் ஊறும் கலவைக்குக் கோடா என்று பெயர். அதைக் காய்ச்சி வடித்தால் சாராயம். கோடாவுக்கு மரமேறவும் வேண்டாம், பருவமும் வேண்டாம். ஓடைப் பக்கத்துப் புதருக்குள் பீப்பாயை மறைத்தால் போதும். குறைந்த போதையுள்ள பானத்தை ஒடுக்கி வைத்த ஒழுங்கு, கடும் போதைக்குக் கள்ளத்தனமாக வழிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கித்துளிலிருந்து இப்போது பெரும்பாலும் பாணியும் கருப்பட்டியுமே சந்தைக்கு வருகின்றன. உயரம் ஏற ஆள் குறைகிறது. ஹல் வளரும் தாழ்நில மழைக்காடும் சுருங்கிவிட்டது. மரமேறுகிற வீடுகளில் பட்டைத் துண்டு மட்டும் அடுப்பங்கரைப் பரண்மேல் காய்ந்து கிடக்கும்.