முல்லைப்பெரியாறு: ஒரு ஆய்வும் 35 வருடங்களும்

கோம்பை, கம்பம் பக்கம் அணை என்றாலே 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறுதான். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதே நவம்பரில் மத்திய நீர் ஆணையம் முல்லைப்பெரியாறை ஆய்வு செய்து, கான்கிரீட் மூடி, கம்பி நங்கூரம், பின்புறத் தாங்குசுவர் என்று பலப்படுத்தும் வேலைகளைச் சொன்னது. 152 அடி வரை தேக்கலாம் என்றிருந்த நீர்மட்டம் 136 அடியானது.

வேலைகள் நடந்தன. ஆனால் அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் பயமும் தீரவில்லை, இங்குள்ள விவசாயிக்குத் தண்ணீரும் கூடவில்லை. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளா சட்டம் போட்டுத் தடுத்தது. 2014-ல் அந்தச் சட்டம் செல்லாது என்றாகி, மூவர் மேற்பார்வைக் குழு அமைந்தது.

குறையை எழுதுவது பாதி வேலைதான். அது தீர்ந்ததென்று இரு தரப்பும் நம்ப யார் கையெழுத்திடுவது என்பதும் முதல் நாளே முடிவாக வேண்டும்.