வேங்கடத்து நறவும் புளிச்சோறும்

மேலைநாட்டார் மதுவை உணவினின்றும் பிரித்து எண்ணுவதில்லை. பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள அல்சேசுப் பகுதியில் கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்னும் வெண்மது வடிக்கப்படுகிறது. ரோஜா மலரின் மணம் கமழும் அம்மதுவை, அண்டை மலைநாட்டுப் பாலாடைக்கட்டியாகிய மன்ஸ்டருடன் அருந்துவது அவ்வூரார் மரபு. காரம் மிக்க கீழ்நாட்டு உணவுக்கும் அது ஏற்றது என்பர். பானமும் உணவும் ஒரே மண்ணில் இணைந்து வளர்வன என்னும் இக்கருத்து நம் முன்னோர்க்குப் புதிதன்று.

மேலைநாட்டு மது அக்காலத்திலேயே தமிழகத்துக்கு வந்ததுண்டு. யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றிற் பாடியுள்ளார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இரு கைப்பிடி மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆயினும் அது மன்னர்க்கும் செல்வர்க்கும் உரிய பொருள். எளிய மக்கள் அருந்தியது எது?

இதற்கு விடை பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு அது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, அதில் நெல்முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளைவித்த நறுமண மதுவை வலைஞர் குடியிருப்பில் விருந்தினர் பெறுவர் என்கிறார் புலவர். அதனுடன் அவர்கள் பெறுவது சுட்ட மீன்! மணமுள்ள மதுவுக்கு மீன் பொருந்தும் என இன்று பிரெஞ்சுச் சமையல் வல்லார் கூறுவதை, நம் நெய்தல்நில மக்கள் என்றோ அறிந்திருந்தனர்.

இனித் தொண்டை நாட்டின் வடவெல்லைக்குச் செல்வோம். இன்றைய திருப்பதியும் சித்தூரும் அடங்கிய அந்நிலப்பகுதியில், வேங்கடமலையைக் கள்வர் கோமான் புல்லி ஆண்டான். அவனுடைய வீரர் யானைத் தந்தத்தைக் கொண்டுவந்து, நறவை விற்றுப் பெற்ற நெல்லால் காலைப்பொழுதிலேயே களித்திருந்தனர் என்று அகநானூற்றில் மாமூலனார் கூறுகிறார். விழாக்கள் மலிந்த அந்த வேங்கடமே கிடைப்பதாயினும், பொருள்தேடிப் பிரிந்த தலைவன் அங்கே தங்கிவிட மாட்டான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள்.

வேங்கடத்துக்கு அப்பால் உள்ளது மொழி வேறுபட்ட தேயம். அவ்வழிச் செல்வோர்க்குப் புல்லியின் நாட்டார் நல்கியது யாது? பசியால் காதடைத்த வழிப்போக்கர்க்குக் கோவலர், எருதின் கழுத்தில் பூட்டிய மூங்கிற்குழாயினின்றும் இனிய புளிச்சோற்றை எடுத்துத் தேக்கிலையிற் பகுத்தளித்தனராம். மற்றொரு பாட்டில் சமைத்த வரகுச்சோறும் பசும்பாலும் வருகின்றன. இவற்றைப் பாடியவரும் மாமூலனாரே. களித்திருந்தவர்க்கு நறவு, நடந்து சென்றவர்க்குப் புளிச்சோறு. புளிச்சோறு எளிதிற் கெடாது. நெடுவழிக்கு அதுவே துணை.

காலம் மாறிற்று. வேங்கடம் திருமலையாகப் போற்றப்படுகிறது. அங்கே இன்று மதுவுக்கும் ஊனுக்கும் இடமில்லை. எல்லைகளும் மாறின. 1911-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு மீண்டது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆனால் புளியோதரை இன்றும் திருமலைப் பிரசாதங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

வேங்கடம் கடந்து பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்கள், ரயிலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்பொழுது, தேக்கிலையிற் பகுத்தளித்த அந்தக் கோவலரை நினைத்துக்கொள்ளலாம். பெயர் அறியாத வழிப்போக்கனுக்கு உணவிட்ட அந்த அறம், இன்று நீங்கள் வாழும் ஊருக்குப் புதிதாக வந்து சேரும் ஒருவனுக்கு உங்கள் இல்லத்தில் கிடைக்குமாயின், புல்லியின் நாடு இன்னும் மறையவில்லை என்றே கொள்ளலாம்.