குலமும் கட்டமும்

ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் 'கில்ட்' என்னும் ஆடைக்குரிய கட்டமிட்ட கம்பளித்துணி 'டார்ட்டன்' எனப்படும். தம் குடும்பப் பெயருக்குரிய டார்ட்டன் எதுவெனத் தேடித் தெரிந்தெடுப்பதை அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் கடமையாகவே கருதுகின்றனர். குலத்திற்கொரு கட்டம் என்பது தொன்றுதொட்டு வந்த மரபா என நாம் வினவுவோமாயின், வரலாறு வேறு விடை தருகிறது.

1746-இல் கல்லோடன் போரில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின், ஆண்கள் மலைநாட்டு ஆடை அணியலாகாதெனச் சட்டம் பிறந்தது. முதன்முறை மீறினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782-இல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறையே கடந்திருந்தது. 1815-இல் இலண்டனிலிருந்த மலைநாட்டார் சங்கம் குலத்தலைவர்களிடம் டார்ட்டன் மாதிரிகளைக் கேட்டது. தமக்குரியது எதுவென அவர்களிற் பலர் அறிந்திலர். பானக்பர்ன் ஊர் வில்சன் நெசவாலையார் வெறும் எண்ணிட்டு விற்ற கட்டங்கள் சில பின்னர்க் குலப்பெயர் பெற்றன. 1842-இல் இரு சகோதரர்கள் பழஞ்சுவடியின் பதிப்பெனக் கூறி வெளியிட்ட டார்ட்டன் நூலும் போலியென்று பின்னாளில் தெளிவாயிற்று. ஆயினும் அதிலுள்ள கட்டங்கள் இன்றும் அணியப்படுகின்றன.

ஆகவே, முன்னோர் அணிந்த அதே கட்டத்தையே அணிகிறோம் என எவரும் எளிதில் உறுதிகூற இயலாது. முன்னோர்க்கு மறுக்கப்பட்ட ஆடையை அணிகிறோம் என்று மலைநாட்டு வழிவந்தோர் கூறலாம். இட்டுக்கட்டிய தொன்மையைவிட இவ்வுண்மையே பெருமைக்குரியதென நாம் கருதுகிறோம்.