இடிபாடுகளின் நடுவே எழுந்த பாடல்

1939ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பின்னிரவில், துருக்கியின் கிழக்குப் பகுதியிலுள்ள எர்சிஞ்சான் நகரம் நிலநடுக்கத்தால் மண்ணோடு மண்ணாயிற்று. ஏறத்தாழ 33,000 பேர் மாண்டனர். உறைபனிக் காலமாதலால், உயிர் தப்பியவர்களுக்கும் குளிரே கூற்றாக நின்றது. எழுத்தறியாத சிற்றூர்களுக்கு இத்துயரை எடுத்துச் சென்றவர்களுள் 'ஆஷிக்' எனப்படும் நாட்டுப்புறப் பாவலரும் இருந்தனர்.

ஆஷிக் என்னும் சொல்லுக்குக் காதலன் என்பது பொருள். 'சாஸ்' என்ற நரம்பிசைக் கருவியை மீட்டி, நாலடிப் பாக்களைப் பாடுவது இவர்தம் மரபு. இறுதிப் பாவில் தம் புனைபெயரை வைத்து முடிப்பர், அதுவே கையொப்பம். வெள்ளம், தீ, கொள்ளைநோய், நிலநடுக்கம் ஆகியவற்றைப் பாடும் நெடும்பாட்டுக்கு 'தெஸ்தான்' என்று பெயர். அதைத் தனித்தாளில் அச்சிட்டு, சந்தையில் பாடிக்கொண்டே விற்றனர். வானொலியும் நாளிதழும் பெருகவே அவ்வணிகம் நலிந்தது. மரபோ மடியவில்லை, 2009இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

தெஸ்தான் ஊருக்குச் செய்தி; 'ஆகித்' என்னும் ஒப்பாரியோ இழவு வீட்டின் குரல். அதைப் பெரும்பாலும் பெண்களே பாடினர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் யாஷார் கெமால், இளமையில் ஊர் ஊராக அலைந்து அவற்றைத் திரட்டினார். 1943இல் வெளிவந்த அவரது முதல் நூலே ஒப்பாரித் தொகுப்புதான். எளியோரின் அழுகையை ஏட்டில் ஏற்றத் தக்கதென ஓர் இளைஞர் எண்ணியது சிறிய செயலன்று.

இப்பாடல்களில் துயருற்றவர் 'ஃபெலெக்' எனும் ஊழ்ச்சக்கரத்தையே பெரிதும் நொந்துகொள்வர். இறைவனை நேரே பழிக்கத் துணியாத பக்தியின் வழி அது. ஆனால், 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் இஸ்மித் வளைகுடாப் பகுதியில் 17,000க்கும் மேற்பட்டோர் மடிந்தபோது, ஊழை மட்டும் நோவது போதவில்லை. விதிகளை மீறிக் கட்டிய அடுக்குமாடிகளே பலருக்குக் கல்லறையாயின. வசைபாடுவதும் ஆஷிக்குகளின் பழைய உரிமைதானே!

2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்கு மீண்டும் நிலம் பிளந்தது. அன்று பிற்பகலே மற்றொரு பெருநடுக்கம். துருக்கியில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தியோக்கியா நகரும் பெரும்பகுதி அழிந்தது. யாஷார் கெமால் பிறந்த ஒஸ்மானியேப் பகுதியும், ஆஷிக் மஹ்சூனி ஷெரிஃப் பிறந்த கஹ்ரமான்மராஷ் மாகாணமும் அழிவின் எல்லைக்குள்ளேயே இருந்தன.

இம்முறை அச்சுத்தாளின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது. சாஸை மடியில் வைத்துப் பாடிய பாடல்கள் யூடியூப் வழியாகப் பரவின. தொலைவில் ஜெர்மனியில் வாழும் துருக்கியரும் அவற்றைக் கேட்க முடிந்தது. முன்பு சந்தைக்கு வந்தவர் மட்டுமே கேட்டனர். இப்போது கேட்பவர் தம் இறந்தோரின் பெயரையும் பாடலின் கீழே எழுதிவைக்க இடமுண்டு. எனினும் ஓர் இழப்பும் உண்டு. பாடலைத் துண்டாக வெட்டிப் பரப்பும்போது எளிதில் உதிர்ந்துபோவது, பாவலர் தம் பெயரைப் பொதிந்து வைத்த அந்தக் கடைசி நாலடியே.