டீசல் பிக்கப்பும் எலுமிச்சம்பழமும்

நம்மூரில் புது வண்டி வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அமெரிக்காவில் வண்டியே எலுமிச்சம்பழமாக வந்து வாய்க்கும் :-) வெளியே பளபள, உள்ளே ஓயாத தொல்லை என்றிருக்கும் வண்டிக்கு அங்கே 'லெமன்' என்று பெயர். 1970-ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். பழைய வண்டியின் குறை விற்பவருக்குத்தான் தெரியும். பயத்தில் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்காமலே போய்விடுவார். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைதான் 2001-ல் அவருக்கு நோபல் வாங்கித் தந்தது. (பி.காம். படிக்கிற எங்களுக்கு இப்படி ஒரு ஆறுதல்!)

இதற்கு டீசல் பிக்கப்பை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எல்லோருக்கும் மைலேஜ் பைத்தியம். ஜெனரல் மோட்டார்ஸ் 1978-ல் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. கார்களோடு செவ்ரலே பிக்கப்பிலும் அது வந்தது. பிளாக்கை நன்றாகவே பலப்படுத்தினார்கள். ஆனால் கம்ப்ரஷன் பெட்ரோல் எஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும், சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கிற போல்ட்டுகளின் அமைப்பு மட்டும் பெட்ரோல் எஞ்சினுடையதே! ஹெட் கேஸ்கெட் புட்டுக்கொண்டது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரும் வைக்கவில்லை, இன்ஜெக்ஷன் பம்ப் துருப்பிடித்தது. 1985-ல் மூடுவிழா.

பாடம் படித்தார்களா? 2003-ல் ஃபோர்டு பிக்கப்பில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கிலும் அதே போல்ட், அதே கேஸ்கெட் கதை. கூடவே ஈஜிஆர் கூலர் அடைத்து வெடித்தது. வாரண்டி செலவை யார் தலையில் கட்டுவது என்று ஃபோர்டு, எஞ்சின் செய்த நேவிஸ்டார் மீது 2007-ல் வழக்கே போட்டது. இரண்டாவது கையாக வாங்கியவர் யார் மேல் வழக்குப் போடுவார்?

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பார்க்கிறார்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? நமக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து 'தயார்' பண்ணியிருக்கிறார்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, கூலன்ட் டாங்க் மூடியைச் சுற்றி வழிந்த கறை இருந்தாலோ, பேரம் பேசவே வேண்டாம்.

1989-ல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த கம்மின்ஸ் 5.9 நல்ல பெயர் எடுத்த எஞ்சின். அதிலும் ஒரு வில்லன் உண்டு: டைமிங் கியர் பக்கம் ஒரு குட்டி டவல் பின். அதிர்வில் கழன்று கியருக்குள் விழுந்தால் எஞ்சினே காலி. ஒரு சின்னத் தகடு வைத்துத் திருகினால் வெளியே வராது. "அந்த பின்னுக்குத் தகடு போட்டாச்சா?" என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.